குந்த ஓர் இடம்

சோழமண்டலம் என்றால் பலருக்கு ஓவியமும் சிற்பமும் நினைவுக்கு வரும். எனக்கு பாத்திக் துணிதான் வரும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் மெழுகு உருக்கி, துணிக்குச் சாயமேற்றி விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. நாடகக்காரர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுக்காமல் இருந்ததில்லை. சொல்லும் குரலில் கொஞ்சம் பொறாமை இருக்கும். ஓவியன் வரைந்ததை விற்கலாம். ஒத்திகையை யாரிடம் விற்பது?

நான் ஓவியனும் இல்லை, நடிகனும் இல்லை. வங்கியில் இருந்தவன். கணக்கு தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாடகக் குழு என்னைப் பிடித்து உட்கார வைத்தது. அப்புறம் அதைப் பார்த்து இன்னொன்று. விண்ணப்பம் எழுதுவது, சொசைட்டி பதிவைப் புதுப்பிப்பது, வரிவிலக்குக்கு 12ஏ, 80ஜி, ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்பது. கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதப் போனவர் ஒருவர் பிற்பாடு விஜய் சேதுபதி ஆனார். கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

கூத்துப்பட்டறை என்றதும் ந. முத்துசாமி. 1977இல் அவர் தொடங்கிய நாடகக் குழு அது. ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை வந்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிந்தது. அரங்கேறிய நாடகங்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கோ பெரிய விஷயமாகப் பட்டது வேறு. ஆபீஸ் விட்டு ஆறரை மணிக்கு ஓடிவந்து, ஒன்பது மணி பஸ்ஸுக்குப் பறக்கிற நடிகனை மட்டுமே பார்த்த ஊரில், பகல் முழுக்க உடம்பையும் குரலையும் பழக்குகிற நடிகன் உருவானான். அதற்குச் சம்பளம் மட்டும் போதாது. பகல் முழுக்கத் திறந்திருக்கிற ஒரு கதவும் வேண்டும்.

செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். மத்திய அரசின் குரு–சீடர் மானியத்துக்கு அவருக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்போது குருவுக்கு மாதம் 10,000 ரூபாய், சீடருக்கு 6,000 என்று கணக்கு. பிறகு உயர்த்தினார்கள். வரிசையாகப் பெயர், வயது, ஆதார் எண் என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் திண்ணையில் சாய்ந்தபடி கேட்டார்: “ஏன் சார், ஆளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, சரி. ஆளு எங்க குந்துறது?”

அவருடைய கூத்து ஜமாவுக்கு இருந்தது கோயிலடித் திடலும் அவர் வீட்டுத் திண்ணையும். மிருதங்கமும் ஆர்மோனியப் பெட்டியும் அந்தத் திண்ணையில். வேஷத்துக்கான கட்டைகள் பரண்மேல். பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்து இருப்பதால் திண்ணைக்கு வேலை குறைவு. ஐப்பசி மழையில்தான் சங்கடம். பசங்களுக்கு அடவு சொல்லித்தர அவருக்கு நேரம் கிடைப்பதும் அந்த மாதங்களில்தான்.

கட்டடத்துக்கும் மானியம் இருக்கிறதே என்று அவரிடம் சொன்னேன். இருக்கிறது, உண்மைதான். பெருநகரமென்றால் 50 லட்சம் வரை, மற்ற ஊர்களுக்கு 25 லட்சம் வரை. ஆனால் செலவில் 60 சதவீதத்துக்குமேல் தரமாட்டார்கள். மீதி 40 நாம் போட வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் காட்ட வேண்டும், கட்டட வரைபடம் வேண்டும். விதியைக் குறை சொல்ல முடியவில்லை. யாரோ ஒருவர் நிலத்தில் அரசுப் பணத்தில் கலைக்கூடம் கட்டினால் ஐந்தாம் வருடம் அதில் வளைகாப்பு நடக்கும். ஆனாலும், நிலமும் நாற்பது சதவீதமும் கையில் இருக்கிறவன் ஏற்கெனவே பாதி கரையேறியவன். திண்ணைக்காரனுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

நான் கணக்கு பார்த்த நகரத்துக் குழுவுக்கு வேறு வழி கிடைத்தது. கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும். மேனேஜர் நல்ல மனிதர், கரண்ட் செலவைக் கொடுத்தால் போதும் என்றார். சமையற்கட்டில் மேக்கப், மணமகள் அறையில் உடை, மேடையில் ஒத்திகை. எங்கள் நாடகங்களில் பாதி அந்த இரண்டு மாதத்துக்குள் பிறந்தவை. பிறகு ஒரு ஆடியில் தள்ளுபடி விற்பனைக்காரன் மண்டபத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டான். அந்த வருடம் நாடகம் இல்லை. மானியம் மட்டும் வந்திருந்தது. தயாரிப்புச் செலவு என்று வந்த பணம். அதை மண்டப அட்வான்ஸுக்குத் திருப்ப விதியில்லை. பயன்பாட்டுச் சான்று கொடுக்க வழியில்லாமல் வட்டியோடு திருப்பிக் கட்டினோம்.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலுக்கு ஒருமுறை போயிருந்தேன். பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம். கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது, பள்ளி 2002இல். காலையில் கூத்து, பிறகு கணக்கும் அறிவியலும். பெண் பிள்ளைகள் வேஷம் கட்டி ஆடினார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் அது சின்ன காரியமில்லை. பெண்பிள்ளையை இரவெல்லாம் ஊர் ஊராக ஜமாவோடு அனுப்பித்தான் கற்கவைக்க வேண்டுமென்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? தங்க இடமும் சோறும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்ததால் அனுப்பினார்கள். இடம் கலைக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற சாட்சி அந்தப் பெண்கள்தான். 2020இல் குருகுலம் நின்றது.

அதே 2020இல்தான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தையும் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. பெரிய அமைப்பு தனக்கு வந்ததில் ஒரு பங்கைச் சின்னக் குழுவுக்குக் கைமாற்றித் தருவதும் நின்றது. வாடகை, கரண்ட், காவலாள் எல்லாமே படிவத்தின் கண்ணில் நிர்வாகச் செலவுதான். இப்போது எல்லோரும் கைகாட்டுவது கம்பெனிகளை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலையும் பண்பாடும் பட்டியலில் உண்டு. போய் உட்கார்ந்தால், பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். ஒத்திகை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடுத்த நாடகத்தை எழுதப்போகிறவன் அவனாகத்தான் இருப்பான். ‘நேரடிப் பயனாளி’ என்று எழுதிவிட்டேன்.

மானியம் தரும் வேலையை என் கையில் கொடுத்தால், நாடகத்துக்கு என்று ஒரு பைசா தரமாட்டேன். ஐந்து வருட வாடகை, கரண்ட் பில், கூட்டிப் பெருக்க ஓர் ஆள், சாவி வைத்துக்கொள்ள ஓர் ஆள். நாடகத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். டீக்கு மட்டும் ரசீது கேட்கக் கூடாது.

செய்யாறு வாத்தியாரின் மைத்துனர் ஏரிக்கரையை ஒட்டிப் பத்து சென்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தானமாக எழுதித் தரவும் தயார். பட்டா அவர் தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் திருப்பூரில். வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். ஏரிப் புறம்போக்கு உள்ளே வருகிறதா என்பதுதான் சந்தேகம். சர்வேயர் வெள்ளிக்கிழமை வந்து சங்கிலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.