பழைய காரின் பேக்கிங்கும் மெக்கானிக்கின் நுரையீரலும்

1/ பழைய வண்டி வச்சிருக்கிறவங்களும், வீட்டில யாராவது ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போறவங்களும் இந்த இழையை முழுசா வாசிச்சிடுங்க. கார் ரிப்பேர்ல ஆரம்பிச்சு நுரையீரல்ல போய் நிக்கும்.

2/ எங்ககிட்ட ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. அப்பா ஓட்டின வண்டி. மெட்ராசில் 1961-ல் தயாரிப்பு ஆரம்பிச்ச கார், 948 சிசி என்ஜின். 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் செஞ்சாங்க. அந்த வகையில நம்ம வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் 😀

3/ ரெண்டு மாசமா நோய் இதுதான்: நின்னா என்ஜின் உதறும். ஸ்லோ ஸ்பீடு நிக்காது. கார்புரேட்டர்ல 'டப் டப்'னு திருப்பி அடிக்கும். பிளக்கைக் கழட்டினா வெள்ளையா இருக்கும். ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகினா ரெண்டு நாள் சரியாகும், மூணாம் நாள் பழைய குருடி. காய்ச்சல் ஏன் வந்ததுன்னு பார்க்காம பாராசிட்டமால் கொடுக்கிற வைத்தியம் இது.

4/ கடையத்தில் எங்க மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயசு தாண்டியாச்சு. பானெட்டை முன்பக்கமாச் சாய்ச்சுட்டு (ஹெரால்டுக்கு முன்பாகம் மொத்தமும் சாயும்), முன் டயர் மேல உக்காந்தாரு. ஒரு ரப்பர் டியூபோட ஒரு முனையைக் காதில வச்சு, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமா நகர்த்தினாரு. ஒரு இடத்தில 'உஸ்'. "டாக்டரய்யா, சத்தம் கேக்கா? ஏர் எடுக்கு." ஸ்டெதஸ்கோப் வச்சுப் பிழைக்கிற எனக்கு அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

5/ கார்புரேட்டர் வழியா மட்டும் போக வேண்டிய காத்து, பேக்கிங் போன இடுக்கு வழியாவும் உள்ள போகுது. பெட்ரோல் பங்கு குறைஞ்சு கலவை வறண்டுபோகுது. இந்த என்ஜின்ல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ரெண்டுக்கும் ஒரே பேக்கிங். சூடு பட்டுப் பட்டு அது தூளாகிடும்.

6/ ராத்திரி முழுக்க ஸ்டட்டுகளை எண்ணெயில ஊற வச்சு, மறுநாள் கழட்டினாங்க. பழைய பேக்கிங் சாம்பல் நிறத்தில ஹெட்டோட ஒட்டிக் கிடந்தது. அண்ணாச்சி பையனுக்கு 19 வயசு. ஒரு கையில கம்பி பிரஷ், இன்னொரு கையில கம்ப்ரசர் ஹோஸ். தேய்ச்சு ஊதுறதுக்குத் தயார். நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

7/ ஏன்? அந்தக் காலத்து மேனிஃபோல்ட் பேக்கிங்கில ஆஸ்பெஸ்டாஸ் சர்வ சாதாரணம். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. ஊதினா கண்ணுக்குத் தெரியாத நார் நாராப் பறக்கும். சாரல் காத்து அடிக்கிற ஆனி ஆடியில, திறந்த ஷெட்டில, பக்கத்து டீக்கடை வரைக்கும் போகும். உள்ள போன நாரை உடம்பால முழுசா வெளியேத்த முடியாது. நுரையீரல் தழும்பாகி இறுகலாம், நுரையீரல் புற்றுநோய் வரலாம், நுரையீரல் உறையில மீசோதீலியோமாங்கிற புற்றுநோய் வரலாம்.

8/ அண்ணாச்சி சிரிச்சாரு: "நாப்பது வருசமா ஊதிட்டுதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே." நியாயமான கேள்விதான். ஆனா மீசோதீலியோமா பெரும்பாலும் 20, 30, 40 வருசம் கழிச்சுத்தான் தலைகாட்டும். இன்னைக்கு ஊதினது நாளைக்கு இருமலா வந்திருந்தா எல்லாரும் என்னைக்கோ நிறுத்தியிருப்பாங்க. பீடியும் சேர்ந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

9/ கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. பிறகு, "எனக்கு விடுங்க. பயலுக்கு எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுங்க"ன்னாரு.

10/ சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்:
• காய்ஞ்ச பேக்கிங்கைத் தொடாதீங்க. பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு கலந்த தண்ணியில நல்லா ஊற விடுங்க.
• ஈரத்தோட மெல்லச் சுரண்டுங்க. கம்பி பிரஷ் வேண்டாம், கிரைண்டர் வேண்டாம். கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம்.
• ஈரத் துணியால துடைச்சு, துணி, குப்பை எல்லாம் ரெட்டை பாலிதீன் பையில கட்டுங்க. கூட்டிப் பெருக்காதீங்க.
• காக்கிச் சட்டையை வீட்டில உதறாதீங்க. கணவர் சட்டையைத் துவைச்சே நோய் வாங்கின மனைவிமார் உண்டு.
• துணி மாஸ்க் உதவாது, என்95-ம் இதுக்குப் போதாது. முதல் காவல் தண்ணிதான்.

11/ ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது பேக்கிங் போட்டு, நடுவில இருந்து ரெண்டு பக்கமா நட்டை இறுக்கினான். ஓடவிட்டு, ஆறினதும் இன்னொரு சுத்து இறுக்கம். 'உஸ்' போச்சு, ஸ்லோ ஸ்பீடு நின்னுச்சு.

12/ இங்கிலாந்து 1999-ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாசையும் தடை பண்ணிடுச்சு. இங்க முழுத் தடை இல்ல. 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியோட மருத்துவப் பதிவை வேலையில சேர்ந்ததில் இருந்து 40 வருசமாவது வச்சிருக்கணும்னு சொன்னது. அவ்வளவு பின்னால வர்ற நோய். ரோட்டோர ஷெட்டில வேலை பார்க்கிறவனுக்கு எந்தப் பதிவேடு இருக்கு?

13/ அதனால டாக்டர் நண்பர்களுக்கு: மூச்சு வாங்குதுன்னு வர்ற பெரியவரிடம் "இப்ப என்ன வேலை?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "முப்பது வருசம் முன்ன என்ன வேலை?"ன்னும் கேளுங்க. பதில் சீட்டில் ஏறட்டும்.

14/ மத்தவங்களுக்கு: உங்க மெக்கானிக்கிட்ட பத்தாவது பதிவை மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வாளி தண்ணிச் செலவுதான்.