பட்டமும் கடப்பாடும்

கல்லூரியிற் பயில்வோரைக் காணுந்தோறும் உலகத்தார் கேட்கும் வினா ஒன்றுண்டு. "இப்படிப்பு முடிந்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதே அது. மருத்துவமும் பொறியியலும் பயில்வோர் இதற்கு உடனே விடையிறுத்துவிடுவர். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்ட எம்போல்வாரோ சற்றுத் தயங்கியே விடை கூறல் வேண்டும். சென்ற கிறிஸ்துமஸ் நாளில் எம் இல்லத்திற்கு வந்த பெரியப்பா, "தமிழ் சோறு போடுமா?" என்று கேட்டார். அன்பினாற் கேட்டாரேயன்றி இகழ்ச்சியினாற் கேட்டாரல்லர். எம் தந்தையார் கல்விக் கட்டணத்துக்குப் படும் பாட்டை அவர் நன்கறிவார். ஆயினும் அவ்வினாவோடு இணைத்து எண்ணத்தக்க வேறொரு வினாவும் உண்டு. படித்தவனுக்குப் படிப்புச் சோறு போடுவது ஒருபுறமிருக்க, அவன் படிக்குங் காலத்து அவனுக்குச் சோறிட்ட உலகிற்கு அவன் திருப்பித் தருவது யாது? இதனை ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எம் உள்ளத்திற் கூர்மை பெற்ற இடம் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள இவ்வூருக்கு உடன் பயிலும் நண்பர் சிலரோடு சென்ற ஆண்டு போயிருந்தோம். முதலாம் இராசேந்திர சோழன், தன் படை கங்கை வரை சென்று மீண்ட வெற்றியின் நினைவாக, ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் நிறுவிய தலைநகர் இது. சோழர் ஆட்சி முடியுங்காறும், ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள், தலைநகராக விளங்கிற்று. இன்று அரண்மனை இருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்று பெயர். அங்கே அகழ்ந்து கண்ட செங்கல் அடித்தளங்களே எஞ்சியுள்ளன. ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்த விமானத்தையுடைய திருக்கோயில் மட்டும் நிலைத்து நின்று, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

அக்கோயிலுக்கும் இழப்பு நேராமல் இல்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, ஊரார் தடுத்தும் கேளாது, திருமதிலின் கற்களைப் பெயர்த்துச் சென்றனர். கீழணையால் எத்துணையோ வயல்கள் விளைகின்றன, மதிலோ போயிற்று. கற்றோர் வினை நன்மையும் தரும், இழப்பும் தரும். இழந்தது இன்னதென்று பின்னர் ஆராய்ந்து கூறுதற்கும் கற்றோரே வேண்டும்.

கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. எம்முடன் வந்த மூத்த மாணவர் ஒருவர் கல்லெழுத்துப் பயிற்சி உடையவர். அவர் ஒரு வரியின்மேல் விரலை ஓட்டி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர் அருகில் வந்து, "அதில் என்னதான் எழுதியிருக்கிறது, தம்பி?" என்று வினவினார். "ஊர்ப் பெயர்களும், இன்ன ஊர் கோயிலுக்கு இத்தனைக் கலம் நெல் அளக்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கின்றன, பாட்டி" என்றார் நண்பர். "எங்கள் வீட்டிலும் கலக் கணக்குத்தானே!" என்று சிரித்த அம்மூதாட்டியார், அந்த எழுத்தைத் தமக்குக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துச் சென்றார். பிறந்த நாள்தொட்டுக் கண்டுவந்த கல் அன்றே அவரோடு பேசிற்று. ஒருவர் கற்ற கல்வி மற்றொருவர்க்குப் பயன்படுமாற்றை அன்று யாம் கண்கூடாகக் கண்டோம்.

நெல்லுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு அக்காலத்தும் உண்டு. இராசேந்திரன் காலத்தில், இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி நடைபெற்றமையைக் கல்வெட்டால் அறிகிறோம். அதன் செலவுக்கு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. இளைய மாணவர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் ஆறு நாழி நெல் அளந்தனர். வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. உழுதவர் பலர், அந்நெல்லை உண்டு கற்கும் உரிமை பெற்றவரோ ஒரு வகுப்பினரே. அப்பந்தி எல்லார்க்கும் விரிக்கப்பட்டதன்று. இக்காலத்துப் பந்தி அகன்றுள்ளது. குடிமக்கள் செலுத்தும் வரியும், அன்பர் அளிக்கும் நன்கொடையும், பெற்றோர் வியர்வையும் சேர்ந்தே நம்மைப் படிக்க வைக்கின்றன. பந்தி அகன்றதற்கேற்ப நம் கடனும் அகன்றது என்றே யாம் கருதுகிறோம்.

நிற்க. இந்நகரிலிருந்து 1063 முதல் 1070 வரை ஆண்டவன் இராசேந்திரன் மகனாகிய வீரராசேந்திரன். அவன் பெயரால் பொன்பற்றியூர்ப் புத்தமித்திரனார் இயற்றிய தமிழ் இலக்கணமே வீரசோழியம். நாடாண்டவனுடைய மாளிகை மண்மேடாயிற்று. அவன் பெயர் தாங்கிய இலக்கணம் நம் கையில் இருக்கிறது. ஏட்டுச் சுவடியிற் கிடந்த அந்நூலை 1881இல் அச்சேற்றி நமக்களித்தவர் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களே.

பிள்ளையவர்கள் 1832இல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி முதன்முதல் நடத்திய பி. ஏ. தேர்வில் வெற்றி பெற்றோர் இருவர்: இவரும், இவர்தம் ஆசிரியராகிய கறோல் விசுவநாத பிள்ளையும். அக்காலத்தில் அப்பட்டம் எத்துணை உயர் பதவிக்கும் வாயிலாக நின்றது. பிள்ளையவர்களும் அவ்வாயில் வழியே சென்றார். தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தினார், ஆசிரியராக இருந்தார், அரசாங்கக் கணக்குச்சாலையில் நெடுங்காலம் பணியாற்றினார், 1871இல் சட்டத் தேர்வில் தேறினார், 1882இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார், புதுக்கோட்டையில் நீதிபதியாக அமர்ந்தார், 1895இல் இராவ்பகதூர் பட்டமும் பெற்றார்.

இவையனைத்தும் பெருமையே. ஆயினும் அவர் கணக்குச்சாலையில் எழுதிய பேரேடுகளை இன்று எவரும் புரட்டுவதில்லை. அலுவல் ஒழிந்த பொழுதில், கைப்பொருள் செலவிட்டு, செல்லரித்த சுவடிகளை ஒப்புநோக்கி அவர் பதிப்பித்த நூல்களே அவர் பெயரை நிறுத்தின. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம், 1881இல் வீரசோழியம், 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என்று அவ்வரிசை நீளும். தொட்டால் ஒடியும் ஏட்டைப் பிரித்துப் பார்த்தாரன்றோ, அவர்க்கே தெரியும் இன்னும் சில ஆண்டு தாழ்த்திருப்பின் தமிழுக்கு நேர்ந்திருக்கக்கூடிய கேடு. ஊதியம் தந்த வேலை அவர் குடும்பத்தைக் காத்தது. ஊதியமில்லாத வேலை தமிழைக் காத்தது. முன்னதனை அவர் இகழ்ந்தாரல்லர். அதுவே பின்னதற்குப் பொருளும் உதவிற்று.

பட்டம் பெற்றோரே இத்தகைய தொண்டு செய்ய வல்லர் என்று கூறுவோமாயின் அது பொய்யாகும். கும்பகோணத்தில் பிள்ளையவர்கள் வழக்காடிய காலத்தில், அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தங்கித் தமிழ் கற்ற அப்பெரியார் எந்தத் தேர்வும் எழுதிப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் கலித்தொகை வெளிவந்த அதே 1887இல் அவர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். 1932இல் பல்கலைக்கழகமே அவரைத் தேடி டாக்டர் பட்டம் அளித்தது. இதனால் பட்டம் தொண்டனை ஆக்குவதில்லை என்பதும், தொண்டு பட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் என்பதும் பெறப்படும்.

வயிற்றுப்பாட்டுக்குரிய தொழிலையே தொண்டாக மாற்றிக்கொண்டாரும் உளர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம். ஏ. பயின்ற கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சிதறிக் கிடந்த கல்வெட்டுச் செய்திகளைத் திரட்டி, 1935இலும் 1937இலும் வெளியிட்ட சோழர் வரலாற்றால், இந்நகரின் பழம்பெருமையை உலகறியச் செய்தார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி, 1970இல் இவ்வூரைப்பற்றித் தனிநூல் எழுதினார். அவர் காலத்திலேயே மாளிகைமேட்டில் துறையின் அகழாய்வும் தொடங்கிற்று. களவு போன பத்தூர் நடராசர் திருவுருவத்துக்காக இலண்டன் நீதிமன்றம் சென்று சாட்சி கூறியவரும் அவரே. அத்திருவுருவம் 1991இல் தாயகம் மீண்டது.

இவர்கள் அளவிற்குச் செய்ய நம்மால் இயலுமா என்று மலைத்தல் வேண்டா. கோயில் மதிலருகே விளையாடும் சிறுவர்க்கு விடுமுறை நாளில் நான்கு கல்லெழுத்துக் கற்பிக்கலாம். ஊர்ச் சாவடியில் அமர்ந்து, எழுதப் படிக்க அறியாதார்க்கு மனு எழுதிக் கொடுக்கலாம். மருத்துவம் பயின்றோர் மாதத்தில் ஒருநாளைச் சிற்றூருக்கு ஒதுக்கலாம். பொறியியல் வல்லார் தூர்ந்த ஏரியின் மதகைச் சென்று பார்க்கலாம். யாமும் இவ்வாண்டு விடுமுறையில் கல்வெட்டுப் பயிற்சி பெறத் துணிந்துள்ளோம். அதனால் வேலை கிடைக்குமோ கிடையாதோ, கேட்பார்க்குப் படித்துக் காட்டவேனும் கிடைக்கும்.

எனவே, பட்டம் பெறுவோர் நல்ல பதவி தேடுக, குடும்பம் பேணுக, அதில் நாணத்தக்கது யாதுமில்லை. அதனோடு, ஊதியம் கருதாத ஒரு வேலையையும் ஒவ்வொருவரும் தமக்கெனத் தேர்ந்துகொள்க. நம் கல்லூரியினின்று சென்ற முன்னோர் எத்துணையோ பேர் இவ்வாறு ஓசையின்றித் தொண்டு செய்கின்றனர் என்பதை யாம் அறிவோம். அவர்கள் தம் அனுபவங்களை இவ்விதழில் எழுதி எம்போன்ற இளையோர்க்கு வழிகாட்டுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அவ்வழியிற் செல்வார் இன்னும் பலர் நம் கல்லூரியினின்று தோன்றுவாராக.