பூனைப்பெண்ணும் கங்கம்மாவும்

கதையில் வாழும் பெண்ணுக்கு வயது ஏறுமா? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவள் ஒரு ஜப்பானியப் பூனைப்பெண். ஷிகெரு மிசுகி படைத்த ‘கெகெகெ நோ கிதாரோ’ என்னும் சித்திரக்கதையில் வரும் நெகோ முசுமே, பாதி பெண், பாதி பூனைப்பேய். சாதுவாகத்தான் இருப்பாள். சினம் மூண்டாலோ கோரைப்பல் முளைக்கும், நகம் நீளும். அக்கதை 1968 முதல் 2018 வரை ஆறு முறை தொலைக்காட்சித் தொடராயிற்று. பழைய தொடர்களில் சிறுமியாக வந்தவள், 2018இல் நெடிதுயர்ந்த நங்கையாகிவிட்டாள். அந்தந்தக் காலம் தனக்கு வேண்டிய உருவத்தைத் தேர்ந்துகொண்டது. விலங்கியல் மாணவனாகிய நான் இதைப் பரிணாமம் என்பேன்.

நாம் வந்து தங்கியிருக்கும் திருப்பதியிலும் ஒருத்தி உருமாறுகிறாள். ஆனால், ஐம்பது ஆண்டில் அன்று, ஒரே வாரத்தில்! அவள்தான் தாத்தய்யகுண்டா கங்கம்மா.

ஊர்ப் பெண்களின் மானத்தைச் சூறையாடினான் ஒரு பாளையக்காரன். அவனை ஒழிக்க அவிலாலாவில் கைகால குடும்பத்தில் பெண்ணாக வளர்ந்தாள் அன்னை என்பது கதை. அவள் மேலும் கைவைக்கத் துணிந்தவன், அவளுடைய உண்மை உருவைக் கண்டதும் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் பூண்ட வேடங்களே மே மாதத்து ஜாத்திரையாக நடக்கின்றன. புதனன்று பைராகி, வியாழனன்று ‘பண்ட’ என்னும் முரடன், வெள்ளியன்று தோட்டி, சனியன்று துரை. நாமக்கட்டி, குங்குமம், கரி, சந்தனம் என்று மக்களும் நாளுக்கொன்றாகப் பூசிக்கொள்கிறார்கள். துரையைக் காண வெளியே வந்த பாளையக்காரனின் தலை உருள்கிறது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை! ஞாயிறன்று அவள் மாதங்கியாகிறாள். எதற்காக? கணவனை இழந்து அழும் பாளையக்காரன் மனைவியைத் தேற்றுவதற்காக! அன்று ஆடவர் பலர் வேண்டுதலாகச் சேலை கட்டி, பூச்சூடி வீதியில் வருகின்றனர். எங்கள் ஆய்வுக்கூடத் தோழன் ஒருவனும் தன் தாயின் சேலையில் வந்தான். “கூச்சமாக இல்லையா?” என்று கேட்டேன். “கூச்சம் இல்லை, பயமாக இருக்கிறது. கூட்டத்தில் யார் கை எங்கே படுமோ என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன். என் தங்கை நாள்தோறும் பேருந்தில் இப்படித்தான் போகிறாள் போலும்” என்றான். நான் வாயடைத்து நின்றேன்.

2024 டிசம்பரில் ‘புஷ்பா 2’ வந்தது. சேலையும் நீலப் பூச்சும் எலுமிச்சை மாலையுமாக அல்லு அர்ஜுன் ஆடியதைக் கண்டு நாடே கைதட்டிற்று. சித்தூர்ச் சீமையின் திருவிழாவை எங்கோ இருப்பவரும் அறிந்தனர், மகிழ்ச்சியே. வீட்டுப் பெண்ணிடம் தகாதபடி நடந்தவனைப் புடைப்பதால், பழங்கதையின் வேரும் அறுந்துவிடவில்லை. ஆயினும் ஒன்று மாறிவிட்டது. திரையில் அந்தச் சேலை அடிக்கிறது; வீதியிலோ அது ஆறுதல் சொல்கிறது.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டுப்பூச்சி என்னும் வரிசையில் ஒன்றை மட்டும் கிள்ளியெடுத்து, இதுதான் பட்டுப்பூச்சி என்று காட்டலாமா? பூனைப்பெண்ணை ஓவியர் எப்படியும் மாற்றி வரையலாம், அது பரிணாமம். கங்கம்மாவின் மாற்றமோ வரிசை தவறாத வளர்உருமாற்றம். சினம் அதில் ஒரு நாள். இரக்கம் அதற்கு அடுத்த நாள். பகைவனை வெல்வதோடு நில்லாமல், பகைவன் வீட்டு அழுகைக்கும் செவி கொடுப்பதே அவள் அடைந்த முதிர்ச்சி.

நண்பர்களே! அடுத்த ஜாத்திரைக்குத் துரை வேடம் காணச் சனிக்கிழமை கட்டாயம் போங்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள்.