சூடு தணியட்டும்!

 

ஸ்பார்க் பிளக் விரல் நீளப் பொருள்தான். ஆயினும் அதைக் கழற்றுவதில் காட்டும் அவசரம் ஒரு குடும்பத்தின் ரிஜ்கையே நிறுத்திவிடும். கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருச் சகோதரர் ஒருவர் மாருதி ஆம்னியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர். பட்டறையொன்றில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே பிளக்கைத் திருகினார்கள். அது முறிந்து, மரைப்பகுதி உள்ளேயே தங்கிவிட்டது. சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேர்ந்தது. நான்கு நாள் வருமானமும் போயிற்று.

2019இல் தயாரிப்பு நின்றுபோன அவ்வண்டிக்கு மூன்று பிளக்குகள். ஹெட் அலுமினியம்; பிளக்கின் மரை எஃகு. சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை எளிதில் சிதைந்துவிடும். ஆகவே எஞ்சின் நன்கு ஆறட்டும். வயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றுங்கள். ஸ்பானர் சாய்ந்தால் பீங்கான் உடையும், நேராகப் பிடியுங்கள். இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒன்றை மாற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். புதியதைக் கையாலேயே இறுதிவரை திருகி, வாஷர் படிந்தபின் ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்று முடுக்கினால் போதும்.

பிறர் பொருள் நம் கையில் அமானிதம். அதில் பொறுமை காட்டுவதும் இபாதத்தே. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த ஸப்ரைத் தந்தருள்வானாக! ஆமீன்.