என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்ததும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். நிறம், கரை, பட்டா பருத்தியா என்பதெல்லாம் அப்புறம். கேள்வி வருவதற்கு முன்பே கேட்பவரின் கண் பாதி விடையை எடுத்துவிட்டிருக்கும். காலில் என்ன செருப்பு, கழுத்தில் என்ன கிடக்கிறது, கையில் இருப்பது தோல்பையா மஞ்சப்பையா, கூட ஆண் யாராவது வந்திருக்கிறாரா. கண் முகத்துக்கு வந்து சேர்வதற்குள் எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவாகிவிடும்.

தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மாவும் நானும் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்தவர். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த இருபதாயிரம் ரூபாய் அவர் இடுப்பில், சுருக்குப்பையில் இருந்தது. "முகூர்த்தப் பட்டு காட்டுங்கய்யா" என்றார். "என்ன ரேஞ்சுல?" என்றார் விற்பனையாளர். "நல்லதாக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றார் அம்மா. அவர் எடுத்து வந்து போட்டது ஆர்ட் சில்க். "இதே எடுத்துக்கங்கம்மா. பாக்குறதுக்குப் பட்டு மாதிரியேதான் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து நகை மின்ன ஒரு குடும்பம் உள்ளே வந்தது. எங்கள் முன்னால் பாதி பிரித்த சேலையை அப்படியே விட்டுவிட்டு அவர் எழுந்து போனார். அம்மா அந்தச் சேலையை மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டு எழுந்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினார்: "பட்டு மாதிரி இருக்குறத வாங்கவா ரெண்டு வருசம் சீட்டுக் கட்டுனேன்?" இரண்டு கடை தள்ளி, சின்னக் கடையொன்றில், தரையில் விரித்த வெள்ளைத் துணியில் உட்கார்ந்து அசல் பட்டே எடுத்தோம். அங்கேயும் ரேஞ்ச் கேட்டார்கள். ஆனால் விடைக்குக் காத்திருந்தார்கள்.

நுகர்வோருக்குச் சட்டம் இருக்கிறது. 1986-இல் வந்தது, பிறகு 2019-இல் புதிதாக எழுதப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் கொடுக்க மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிகம். மாணவிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் காலிலிருந்து மேலே ஏறி வரும் அந்தப் பார்வையை எந்தப் பிரிவின் கீழ் புகாராக எழுதுவது? சாதியும் வசதியும் பாலினமும் ஒரே நொடியில் எடைபோடப்படும் பார்வை அது. பில்லில் அது ஏறுவதில்லை.

என் சம்பளத்தில் வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது அந்தப் பார்வை வேறு விதமாக வந்தது. கணவர் துணைக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில் துணி துவைப்பது பற்றி அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. "மோட்டாருக்கு எத்தனை வருசம் வாரண்டி?" என்று நான் கேட்டேன். "பத்து வருசம், சார்" என்று பதில் அவருக்குப் போனது. தண்ணீர் எவ்வளவு இழுக்கும், உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா என்று நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் அவருக்கே கிடைத்தது. கார்டைத் தேய்த்தது நான். பில் வந்தது அவர் பெயரில். என் பெயருக்கு மாற்றச் சொன்னேன். "வீட்டுக்குத்தானே மேடம், சார் பேர்லயே இருக்கட்டுமே" என்றார் பில் போட்டவர். மாற்றிக் கொடுக்கும்வரை அங்கேயே நின்றேன். அதே கடையில் மிக்சி, குக்கர் இருக்கும் பக்கம் போங்கள். எல்லா விளக்கமும் "மேடம்" என்றே தொடங்கும்.

மருந்துக்கடைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நாப்கின் கேட்டால் குரல் தாழும், செய்தித்தாள் விரியும், சணல் கயிறு சுற்றும், மேலே கறுப்புப் பை ஏறும். 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை. வரியும் பையும் போன பிறகும் செய்தித்தாள் மட்டும் போகவில்லை. ஒரே ஒரு கடையில், கவுண்டரில் நின்ற இளம்பெண் காய்ச்சல் மாத்திரையையும் இருமல் மருந்தையும் வைத்த இடத்திலேயே நாப்கினையும் வைத்தார். "பை வச்சிருக்கீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த நல்ல சேவைகளில் அதை முன்வரிசையில் வைப்பேன்.

முதலிடம் வேறொருவருக்கு. உள்ளாடைக் கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் ஆண்கள் நின்று, நம் மார்பைப் பார்த்தே சைஸ் சொன்ன காலம் எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். பேசாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வருடக்கணக்கில் தோளில் தடம் விழ அணிந்தவர்கள் நாங்கள். இப்போது பல கடைகளில் அந்தப் பிரிவில் பெண்கள் நிற்கிறார்கள். அப்படி நின்ற ஒருவர், நாற்பது வயதிருக்கும், என்னிடம் ரேஞ்ச் கேட்கவில்லை. "எங்கக்கா அழுத்துது?" என்று கேட்டார். டேப்பை எடுத்து, சுடிதாருக்கு மேலேயே அளந்து, சுற்றளவு ஒன்று, கப் வேறு என்று விளக்கினார். அதுவரை யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "மூணு எடுத்தா ஆஃபர் இருக்கு, சொன்னியா?" "சொல்லிட்டேன் சார்" என்றார். சொல்லியிருக்கவில்லை. அவர் நகர்ந்ததும் குரலைத் தணித்தார்: "ஒண்ணு மட்டும் எடுங்கக்கா. நாலு நாள் போட்டுப் பாருங்க. சரியா இருந்தா அப்புறம் வாங்க."

அவர் சம்பளத்தோடு சேரும் இன்சென்டிவ், அவர் எண் போட்ட பில்களைப் பொறுத்தது. மூன்றுக்குப் பதில் ஒன்றை விற்றால் நஷ்டம் அவருக்குத்தான். கடை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சிரித்த முகத்தை. சீருடை மாதிரி அதையும் காலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூட வரும் ஆண்களில் சிலர் அந்தச் சிரிப்பை வேறு விதமாக எடுத்துக்கொண்டாலும் கழற்றக் கூடாது. அவர் எனக்குக் கொடுத்தது கடை சொல்லிக்கொடுக்காத ஒன்று. நமக்கு உண்மையாக உதவிய சேவையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கடையின் விதியை ஒருவர் தன் செலவில் மீறியதால் கிடைத்ததாகவே இருக்கும்.

பேசும்போதெல்லாம் அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். சேலைக் கரைக்குக் கீழே கணுக்கால் வீங்கியிருந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சுக்கா. ஒம்போதரைக்கு வந்தா நைட்டு ஒம்போது மணி." உட்காரக் கூடாதா என்று கேட்டேன். "ஆள் இல்லாதப்ப உக்காரலாம்னு சொல்றாங்க. உக்காந்தா கேமராவுல தெரியும். அப்புறம் கூப்பிட்டுக் கேப்பாங்க." ஊழியர்களுக்கான கழிப்பறை மேல் மாடியில், குடோனுக்குப் பக்கத்தில். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். அதனால் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். எனக்கு அரை மணி நேரம் அளவும் பொருத்தமும் பார்த்தவரின் உடம்பு அந்தக் கடையில் இப்படித்தான் நடத்தப்பட்டது.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலைபார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு உட்காரும் உரிமை. தையல் வேலை செய்த விஜியும் அவரோடு சேர்ந்த பெண்களும் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகித் தெருவில் நின்று கேட்டார்கள். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ரங்கநாதன் தெரு ஊழியர்களின் வாழ்வை ‘அங்காடித் தெரு’ திரையில் காட்டியது 2010-இல். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர 2021 ஆகிவிட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்கிறது அது. ‘வாய்ப்பு’ எப்போது என்பதைக் கேமராவுக்கு முன்னால் இருப்பவர்தான் இன்னும் முடிவு செய்கிறார்.

அம்மாவை எடைபோட்ட அந்த விற்பனையாளருக்கும் கால் வலித்திருக்கும், அவருக்குப் பின்னாலும் ஒரு சூப்பர்வைசர் நின்றிருப்பார். அதற்காக அந்தப் பார்வையை மன்னித்துவிட நான் சொல்லவில்லை. ஆனால் வருகிறவரை ரேஞ்ச் பார்த்து நடத்தும் கடை, வேலை செய்பவரையும் ரேஞ்ச் பார்த்தே நடத்துகிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தனியாகச் சரிசெய்துவிட முடியாது. "சேவை எப்படி இருந்தது?" என்று வெளியே போகும்போது நீட்டும் படிவத்தில் நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். நான் நட்சத்திரம் போடுவதில்லை. இரண்டு கேள்விகள் எழுதுகிறேன்: உங்கள் ஊழியர்கள் எங்கே உட்காருகிறார்கள்? பெண்களுக்குக் கழிப்பறை எந்த மாடியில்?

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் வேறொரு கடையில் கல்லாவில் இருந்தவரிடம் நேராகவே கேட்டேன். "அதெல்லாம் சட்டப்படி போட்டிருக்கும்மா" என்று கை காட்டினார். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் சட்டைப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. பெட்டியை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்களும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "டேய், அந்தப் பெட்டிய எடுத்து ஓரமா வை" என்று பையனைக் கூப்பிட்டார். பையன் பெட்டிகளை இறக்கினான். கவுண்டரில் நின்ற பெண் கல்லாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.