தண்ணீர் இறங்கும் நேரம்

ஷா ஆலமிலிருந்து கிளம்பும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "கேமராவ மறந்தாலும் பரவால்ல தம்பி. தண்ணி ஏறுற நேரம் எழுதுன தாள மறந்துறாத."

முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்திக்கொண்டார். அவருடைய அப்பா சுங்கை ரெங்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்ததுதான் 1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம். "எங்க நிரை இருந்த எடத்துல இப்ப சிக்னல் இருக்கு" என்பார்.

காப்பார் வழியாக ஜெராம் போய், கரைமேட்டை ஒட்டி இரவே வேனை நிறுத்தினோம். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் காலை ஏழு, ஏழரைக்கு உச்சத்துக்கு வரும். கிள்ளான் துறைமுகத்து அளவில் 5 மீட்டரைத் தாண்டும். சேற்றுவெளி முழுதும் மூழ்கிப்போவதால் கால் வைக்க இடமில்லாமல் பறவைகள் உள்நிலத்தில் எங்காவது ஒதுங்கி நிற்கும். தண்ணீர் இறங்கும்போது முதலில் தலைகாட்டுவது கரையோரச் சேறு. பசித்த கூட்டம் நேரே அங்கேதான் வந்து இறங்கும். மலாக்கா நீரிணையின் இந்தக் கரை மேற்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பறவைமேல் விழும். நேரம் போகப்போகத் தண்ணீரோடு பறவைகளும் தூரம் போய்விடும். வெயில் ஏறினால் சேற்றிலிருந்து கானல் எழும்பி, எத்தனை ஆயிரம் ரிங்கிட் லென்ஸானாலும் படம் நெளியும். ஆக, கைக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்காகத்தான் ராத்திரியே வந்து படுப்பது.

படுத்தோம் என்றுதான் பேர். கொசு பிடுங்கியது. ஏர்கண்ட் போட அவர் விடவில்லை. குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்று பட்டால் வியர்த்துவிடுமாம். கேமராவை மட்டும் வெளியே வைத்தால் என்ன என்று கேட்டேன். "கேமராவுக்குத் துணையா நீ வெளிய படுக்கிறியா?" என்றார்.

விடிந்ததும் ரொட்டியும் மைலோவுமாகப் பசியாறினோம். பக்கக் கதவைப் பாதி திறந்து கறுப்புத் துணி தொங்கவிட்டார். சன்னல் விளிம்பில் பச்சைப்பயறு நிரப்பிய துணிமூட்டை, அதன்மேல் 600 மி.மீ. லென்ஸ். முக்காலியைவிட மூட்டைதான் ஆடாமல் நிற்கிறது. வழியில் மாட்டிக்கொண்டால் கஞ்சியும் வைக்கலாம்.

ஒன்பது மணிக்குப் பவளக்காலிகள் வந்தன. பின்னால் உப்புக்கொத்திகள், அப்புறம் கோட்டான்கள். கோட்டானின் வளைந்த அலகு வேர்வரை சேற்றுக்குள் போய், நண்டோடு வெளியே வரும். கால்களை உதறித் தள்ளிவிட்டு உடம்பை மட்டும் விழுங்கும். கடைசியாக நடந்து வந்தது ஒரு சிறு பெருநாரை. மலாய்க்காரர்கள் 'பூரோங் போத்தாக்', மொட்டைப் பறவை, என்கிறார்கள். தோட்டத்தில் நிரை பார்க்க வரும் பழைய கிராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதைப்போல நடந்தது.

இன்னும் தாழ்வான கோணம் கிடைக்குமே என்று நான் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்தேன். மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது.

அண்ணன் திட்டவில்லை. "வண்டிய அதுங்க தெனம் பாக்குது. ரெண்டு காலுல நிக்கிறவனக் கண்டாத்தான் பயம்." ஒரு தடவை எழும்பினால் ஒரு தடவை தின்றது வீண் என்பது அவர் கணக்கு. 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்குமே இறங்காமல் பறந்து கடந்தது. அது போனது பசிபிக் கடலின் மேலாக. ஆனால் அதே இனப் பறவைகள் நம் சேற்றுக்கும் வருகின்றன. செப்டம்பரில் வந்து ஏப்ரலில் வடக்கே திரும்புவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நான் காலை நீட்டியது அந்தச் சேமிப்பில்தான். இருபது நிமிடம் கழித்துப் பாதிக் கூட்டம் திரும்பியது. பெருநாரை வரவில்லை.

சாயங்காலம் கோல சிலாங்கூர். புக்கிட் மெலாவத்தியில் சாம்பல் மந்திகளின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டிகள். கைப்பேசியில் எடுத்தாலே அழகாக வரும் படம் என்பதால் அண்ணனுக்கு அதில் ஆர்வமில்லை. படகில் ஏறினோம். படகோட்டி கோழித்தோலை ஆற்றில் வீசினார். நாற்பது, ஐம்பது செம்பருந்துகள் சுழன்று இறங்கின. ஊரில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டம் நாம். இங்கே அதே கருடன் கோழித்தோலுக்குத் தண்ணீரில் பாய்கிறது. படகோட்டிக்கு அது சோறு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது பருந்தின் வேட்டை இல்லை, நாம் வாங்கிய டிக்கெட். படகில் எல்லோரும் சுட்டுத் தள்ளினார்கள். அண்ணன் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.

படம் எடுக்கவில்லையா என்று படகோட்டி மலாயில் கேட்டார். நாளைக் காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் நிறையும் என்று இவர் திருப்பிக் கேட்டார்.

படகோட்டி கரைக் கம்பத்தில் ஈரம் ஏறியிருந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். "லாப்பான் லெபே."

எட்டுக்கு மேல். அண்ணன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, தான் எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப்பார்த்தார்.