கயிற்றில் விளையும் மட்டி

போரில் கணவரை இழந்த எனக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கடல் என்ன கொடுக்கும்? அந்தக் கேள்வியோடுதான் ஒரு டிசெம்பரில் கேரளத்தின் வடகோடியான காசர்கோடு மாவட்டத்துக்குப் போனேன்.

செறுவத்தூர் புகையிரத நிலையத்தில் இறங்கி, ஓட்டோவில் படன்னா என்ற ஊரை அடைந்தேன். தென்னைகளுக்கு அப்பால் கவ்வாயிக் காயல். நீரில் நின்ற கம்புகளைக் கண்டதும் எங்கள் களப்புத்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அவை மீன் பிடிக்க நட்டவை அல்ல. மட்டி வளர்க்கப் போட்ட பந்தல்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து இங்கே பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து இத்தொழிலைச் செய்து வந்திருக்கிறார்கள்.

ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக இருந்து கயிறு தைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் அமர்ந்தேன். கடற்பாறைகளிலிருந்து பெயர்த்து வந்த மட்டிக் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மூடித் தைக்க வேண்டும். காயலில் தொங்கவிட்டால் சில நாட்களில் மட்டி தன் நாரினால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும், துணி உக்கிப்போகும். தீன் வாங்கும் செலவு இல்லை. நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்தே அது வளர்கிறது. ஒரு மீற்றர் கயிற்றுக்கு 1 முதல் 1½ கிலோ வரை குஞ்சு வைத்தால், ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 10 கிலோ கிடைக்கும் என்றார்கள்.

"நட்டமே வராதா, சேச்சி?" என்று மூத்தவரிடம் கேட்டேன்.

சிரித்தார். ஜூனில் மழை இறங்கினால் காயலில் உப்புக் குறைந்து மட்டி செத்துவிடும். அதனால் எல்லோரும் மே முடியுமுன் ஒன்றாக அறுக்க, விலை விழுந்துவிடும். "ஒரு வருசம் மழை முந்திவிட்டது. தனியாகக் கடன்பட்டிருந்தால் வீட்டை விற்றிருப்பேன். பதினைந்து பேர் சேர்ந்து பட்ட கடன், அடுத்த வருசம் அடைத்தோம்" என்றார்.

அவித்துச் சதையெடுத்து விற்றால் ஓட்டோடு விற்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமாம். அரிசிமா அடைத்து அவித்துப் பொரித்த 'அரிக்கடுக்கா' இரண்டு தந்தார்கள். நல்ல ருசி.

திரும்பும்போது கொப்பியில் மூன்று கேள்விகள் எழுதினேன். எங்கள் களப்பு நீர் சுத்தமானதா? ஏனெனில் நீரின் அழுக்கையும் மட்டி உறிஞ்சும். மழை வெள்ளம் எந்த மாதத்தில் வந்து சேரும்? எங்களிடம் வாங்குபவர் யார்?

சகோதரிகளே, இம்மூன்றுக்கும் விடை தெரியுமுன் கடனுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். தெரிந்தபின், தனியாக வைக்காதீர்கள்.